காணாமற்போன இரவு உடை: ஐயம் யார்மீது முதலில் விழுகிறது?

1860 ஜூன் 30 காலை. இங்கிலாந்தின் வில்ட்ஷயர், சாமர்செட் எல்லையிலிருந்த ரோட் என்னும் சிற்றூரில், தொழிற்சாலை ஆய்வாளர் சாமுவேல் கென்ட்டின் வீட்டில் ஒரு குழந்தையின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. நான்கு வயது நிரம்பாத சாவில் என்ற அச்சிறுவனின் உடல், அன்றே தோட்டத்துக் கழிவறைக் குழியில் கண்டெடுக்கப்பட்டது. உள்ளூர்க் காவலர் முதலில் பிடித்தது, குழந்தையைப் பார்த்துக்கொண்ட தாதி எலிசபெத் கோஃபை.

இரு வாரங்களில் ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜோனதன் விச்சர் வந்தார். 1842இல் தொடங்கப்பெற்ற துப்பறியும் பிரிவின் முதல் உறுப்பினர்களுள் ஒருவர். தோட்டக்காரர் ஒருவரின் மகன். வீட்டில் இல்லாத ஒரு பொருளே அவருக்குச் சான்றாயிற்று. கென்ட்டின் மூத்த தாரத்து மகளான 16 வயது கான்ஸ்டன்ஸின் மூன்று இரவு உடைகளுள் ஒன்றைக் காணவில்லை. சலவைக்குப் போட்ட இடத்தில் தொலைந்தது என்றாள் அவள். சலவைக் கணக்கையும் பணிப்பெண்களின் வாக்குமூலத்தையும் ஒப்பிட்ட விச்சர், அவளைக் கைது செய்தார்.

ஒரு வாரத்தில் நடுவர்கள் அவளை விடுவித்தனர். மதிப்புமிக்க குடும்பத்தின் அந்தரங்கத்துள் எளிய குடியில் பிறந்த ஒருவர் நுழைந்து, அவ்வீட்டு மகள்மீதே பழி சுமத்தியதை நாளேடுகள் பொறுக்கவில்லை. அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் கோஃப் மீண்டும் கைதானார், சான்றின்றி விடுவிக்கப்பட்டார். குருதிக்கறை படிந்த உள்ளாடை ஒன்றை உள்ளூர்க் காவலர் முதல் நாளே சமையலறை அடுப்பில் கண்டு, பின் தொலைத்து, அதனை விச்சரிடமிருந்து மறைத்ததும் பிற்பாடே வெளிவந்தது.

1864இல் விச்சர் பணியிலிருந்து விலகினார். 1865 ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின் 1885இல் அவள் விடுதலையானாள். அவள் கூறியவை முழு உண்மைதானா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இவ்வழக்கின் சாயல் 1868இல் வெளிவந்த வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' புதினத்தில் படிந்தது. ஆங்கே தடயம் கறைபட்ட இரவு உடை. களவுபோனதோ 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கொள்ளையிடப்பட்ட வைரம். ஐயம் விழுவது பணிப்பெண் மீதும் மூன்று இந்தியர் மீதும். வைரத்தைக் கவர்ந்து சென்றவனோ கனவான்.

காவல் பதிவேடுகளைப் புரட்டும் ஆய்வு மாணவர்கள், தண்டிக்கப்பட்டவர் யார் என்பதோடு நின்றுவிடலாகாது. எவர் எந்த வரிசையில் ஐயுறப்பட்டனர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சமூகத்தின் படிநிலை தீர்ப்பில் மறைந்திருக்கலாம், அவ்வரிசையில் மறையாது.