இறால் குட்டையும் பசுமை அரசியலும்

பசுமை அரசியல் என்றவுடன் நம் எண்ணம் மேலை நாடுகளை நோக்கியே ஓடுகிறது. 1980இல் மேற்கு ஜெர்மனியில் தோன்றிய பசுமைக் கட்சி 1983இலேயே நாடாளுமன்றத்தில் இடம்பெற்றது. அதன் ஆதரவாளர் பலர் வயிற்றுப்பாட்டுக் கவலையற்ற, கற்ற நடுத்தர வகுப்பினர். ஆகவே பசுமைக் கொள்கை வசதி படைத்தோர் சிந்தனை என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. நம் கடற்கரையின் வரலாறு வேறு விதமானது.

1990களின் தொடக்கத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பகுதிகளிலும், கொள்ளிடத்துக்குத் தெற்கே நாகப்பட்டினம் வரையிலும் இறால் பண்ணைகள் பெருகின. நெல் விளைந்த நிலம் குட்டையாயிற்று. இயந்திரத்தால் இறைத்துத் தேக்கிய உப்புநீர் மண்ணுள் கசிந்து அண்டை வயலையும் குடிநீர்க் கிணற்றையும் கெடுத்தது. தீவனக் கழிவும் மருந்தும் கலந்த நீர் ஆற்றுமுகத்தில் விடப்பட்டது. நடவும் அறுவடையும் ஒழிந்த இடத்தில் கூலிப் பெண்களுக்கு வேலையில்லை. இறால் அந்நியச் செலாவணி ஈட்டியது உண்மையே. அது அப்பெண்களின் உலைக்கு எட்டவில்லை.

இம்மக்களைத் திரட்டியவர்கள் சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர். 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின், கீழத்தஞ்சையின் நிலமற்றோர்க்கு நிலம் பெற்றுத்தர உழைத்தவர்கள். நெல் விளைந்த மண் உப்பாவதைக் கண்டு அவர்களால் வாளாவிருக்க இயலவில்லை. 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லுக்கு முன்பே அவர்கள் நெஞ்சில் 'நிலம்' என்ற சொல் இருந்தது என்பது நம் கருத்து. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலுள்ள பண்ணைகளை, மரபுவழி வளர்ப்பு நீங்கலாக, 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும்; மாசுபடுத்தியவரே இழப்பீடும் செலுத்த வேண்டும்.

மறுஆய்வு மனுக்களால் அத்தீர்ப்பு நடைமுறைக்கு வராமல் நின்றது. இதற்கிடையே 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் திறந்த கரையிலிருந்த ஊர்களைவிடக் குறைவாகவே சேதமுற்றன என்று கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்தோர் 2005இல் எழுதினர். பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு அன்றுதான் பலர் கண்ணில் பட்டது. அதே 2005இல், பேரலை வந்து ஆறு திங்களுக்குள், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் நிறைவேறியது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை இப்பண்ணைகளைக் கட்டுப்படுத்தாது என 1991 முதலே முன்தேதியிட்டு அச்சட்டம் விதித்தது. நீதிமன்றத்தில் வென்றவர்கள் நாடாளுமன்றத்தில் தோற்றார்கள். ஜெர்மானியர்க்கு அவையில் இருக்கை இருந்தது. நம்மவர்க்கு வழக்கு மட்டுமே இருந்தது.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் செல்லும்போதெல்லாம், குட்டைகளில் காற்றூட்டும் சக்கரங்கள் சுழல்வதைக் காண்கிறோம். ஒரு வரப்புக்கு அப்பால் நெற்பயிர் நிற்கிறது.