பொடக்காலிக்கு வந்த த்ரீ பேஸ்

கோயம்புத்தூரின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் பஞ்சில் தொடங்கி, மில்களைச் சொல்லி, பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று வரிசையாகப் போவார்கள். ஒயரிங் வேலையிலேயே தலை நரைத்த எனக்கு அந்த வரலாறு வேறொரு பக்கத்திலிருந்து தெரிகிறது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் வீட்டுப் பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், சின்னதாய் ஒரு ஷெட் போட்டு, ஒரே ஒரு லேத்தை வைத்துக்கொண்டு, நேற்றுவரை கூலிக்குப் போனவர் இன்று சொந்தப் பட்டறைக்காரராக முடிந்தது. மின்சாரத்தைச் சிறு சிறு பங்காகப் பிரித்து வீடு வீடாகக் கொடுக்க முடிந்ததால்தான் அது நடந்தது. கம்பத்தில் வந்த கரண்டை மெஷின்வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஒயர்மேன்கள். அவர்கள் கைவேலைக்கும் ஒரு வரலாறு உண்டு.

மின்சாரத்துக்கு முந்தைய பட்டறையை நினைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் அளவு புரியும். 1888-இல் தொடங்கிய, ஊரார் ஸ்டேன்ஸ் மில் என்று சொன்ன கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்தான் இங்கே முதல் பெரிய மில். நீராவி காலத்து ஆலைகளில் பாய்லர் ஒன்று, எஞ்சின் ஒன்று. கூரைக்குக் கீழே நீளமாக ஒரு ஷாப்ட் ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் சுற்றும். ஆயில் எஞ்சின் வைத்த பட்டறைகளிலும் இதே ஏற்பாடுதான். ஷாப்ட் எட்டும் தூரம்வரைதான் விசை எட்டும். ஆகவே மெஷின் ஷாப்டைத் தேடிப் போக வேண்டும். மெஷினைத் தேடி மனிதன் போக வேண்டும். ஒரு குதிரைச் சக்தி மட்டும் போதும் என்கிறவனுக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

இதை மாற்றியது நீலகிரியில் விழுந்த தண்ணீர். சென்னை மாகாண அரசில் சர் சி.பி. ராமசாமி ஐயர் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்த 1920-களில் பைக்காரா நீர்மின் திட்டத்துக்கு உயிர் கிடைத்தது. 1927-இல் மாகாணத்துக்கென்று தனி மின்சாரத் துறை வந்தது. 1929-இல் வேலை தொடங்கி, 1932-இல் சிங்காராவில் மின் உற்பத்தி ஆரம்பமானது. பைக்காரா ஆற்று நீரைக் குழாய்களில் 3,000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து இறக்கி, பெல்டன் சக்கரங்களைச் சுற்ற வைத்தார்கள். அந்தக் கரண்ட் கோபுரக் கம்பங்கள் வழியாக மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கு வந்தது. 1937-இல் மேட்டூரும் 1944-இல் பாபநாசமும் சேர்ந்துகொண்டன.

பைக்காரா வந்த பிறகு மில்கள் பெருகின. அதோடு கிணறுகளும் மாறின. கொங்கு நாட்டுக் கிணறு ஆழமானது. மாடு கட்டிக் கவலை இறைத்த இடத்தில் மோட்டார் பம்பு வந்தால் அதே கிணற்றில் கூடுதலாகப் பருத்தியும் கரும்பும் விளையும். விவசாயி மோட்டார் கேட்டார். இறக்குமதி மோட்டார் விலை கட்டவில்லை. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் உள்நாட்டிலேயே மின் மோட்டாரைச் செய்து காட்டினார்கள். மோட்டார் செய்ய வார்ப்படம் வேண்டும், ஷாப்ட் கடைய வேண்டும், சுருள் கட்ட வேண்டும். ஒரே கூரைக்கு அடியில் அத்தனையும் செய்ய வேண்டியதில்லை. ஷாப்ட் கடைவதை ஒருவரும், பேரிங் மூடியை இன்னொருவரும், காயில் கட்டுவதை மூன்றாமவரும் எடுத்துச் செய்யலாம். பெரிய தொழிற்சாலையில் கை பழகியவர்கள் வெளியே வந்து வீட்டிலேயே ஜாப் ஒர்க் பிடித்தது இப்படித்தான். 1955-இல் இங்கே பிறந்த வெட் கிரைண்டரும் அதே வழியில் வளர்ந்தது.

நான் இந்த வேலைக்கு ஹெல்ப்பராகச் சேர்ந்தது 1970-களின் தொடக்கத்தில். பழைய வீடுகளில் அப்போதும் கேசிங் கேப்பிங் இருந்தது. தேக்குச் சட்டத்தில் இரண்டு பள்ளம் இழைத்து, பள்ளத்துக்கு ஒரு ஒயராக வைத்து, மேலே மரப்பட்டியை ஸ்க்ரூ போட்டு மூடுவது. உள்ளே ரப்பர் மேல் துணி சுற்றிய வி.ஐ.ஆர். ஒயர். அதற்கு அடுத்து வந்தது பேட்டன் ஒயரிங். வார்னிஷ் அடித்த தேக்கு ரீப்பரைச் சுவரில் அடித்து, அதன்மேல் ஒயரைப் படுக்க வைத்து, தகரக் கிளிப்பால் மடித்துக் கட்டுவது. கிளிப்புக்குக் கிளிப் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும் என்று என் மேஸ்திரி கயிறு பிடித்துப் பார்ப்பார். ரவுண்டு பிளாக், சீலிங் ரோஸ், கருப்பு பேக்கலைட் சுவிட்ச், பீங்கான் பியூஸ் கட்டை, இரும்புப் பெட்டிக்குள் மெயின் சுவிட்ச் என்று அந்தக் காலத்து ஒயரிங் முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எங்கே கோளாறு என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆனால் வீட்டு ஒயரிங்கைப் பட்டறைக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. கட்டிங் ஆயில் தெறிக்கும் இடத்தில் ரப்பர் ஊறி உப்பிப்போகும். தரையில் கிடக்கும் இரும்புச் சுருள் ஒயர் தோலைக் கிழிக்கும். ஆகவே பட்டறைக்கு இரும்பு பைப். அதில் மரை வெட்டி, முனையில் பிசிறை அரத்தால் ராவி, உள்ளே ஒயர் இழுப்போம். பிசிறு ராவாமல் விட்டால் இழுக்கும்போதே ஒயர் தோல் சீவிப்போய், பைப் முழுக்க கரண்ட் ஏறும். பி.வி.சி. ஒயர் பரவலான பிறகு எண்ணெய்த் தொல்லை குறைந்தது, பி.வி.சி. பைப் வந்தபின் பைப்பில் கரண்ட் ஏறும் பயமும் போனது. பொருள்கள் வந்து இடிபடும் இடங்களில் மட்டும் இன்றும் இரும்பு பைப்தான் போடுகிறேன்.

சட்டமும் மெல்ல மெல்ல வந்தது. 1910-இன் இந்திய மின்சாரச் சட்டத்தின் கீழ் 1956-இல் வந்த விதிகள் எங்கள் தொழிலுக்கு முதுகெலும்பாயின. லைசென்ஸ் உள்ள கான்டிராக்டர், தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசர், சான்று பெற்ற ஒயர்மேன் ஆகியோர் இல்லாமல் ஒயரிங் செய்யக் கூடாது என்று அவை சொல்லின. 1957 ஜூலை 1 அன்று மாநில மின்சார வாரியம் அமைந்தது. வேலை முடிந்ததும் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்து, எர்த் பார்த்து, டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டால்தான் ஈ.பி.யிலிருந்து சர்வீஸ் கிடைக்கும். அந்தக் கையெழுத்துக்கு என் மேஸ்திரி கொடுத்த மரியாதையை நான் மறந்ததில்லை. ஒரு மெஷினில் யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் விசாரிக்கப்படுவது அந்தக் காகிதத்தில் உள்ள பெயர்தான்.

பட்டறைக்கு எர்த் என்பது வீட்டைவிடப் பல மடங்கு முக்கியம். லேத் ஓட்டுகிறவர் நாள் முழுக்க இரும்பைத் தொட்டுக்கொண்டே நிற்கிறார். மோட்டார் காயில் உள்ளே ஒரு இடத்தில் பாடியைத் தொட்டுவிட்டால் லேத் முழுவதும் 230 வோல்ட். சரியான எர்த் இருந்தால் கரண்ட் அந்த வழியில் பாய்ந்து பியூஸை எரித்துவிடும். இல்லையென்றால் அவர் உடம்பு வழியாகத்தான் பாயும். இதனால்தான் த்ரீ பேஸ் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது காப்பாற்றும். குழி வெட்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைப்போம். கொங்கு நாட்டுக் கோடையில் மண் காய்ந்தால் எர்த் வலுவிழந்துவிடும். தண்ணீர் ஊற்றுவதும் பட்டறைக்காரரின் வேலைதான் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வருவேன்.

வெளிச்சத்தின் வரலாறு இதைவிட நுட்பமானது. முதலில் எல்லாப் பட்டறையிலும் குண்டு பல்புதான். 1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டியூப்லைட் பிறகு இங்கேயும் பரவியது. வெளிச்சம் அதிகம், கரண்ட் செலவு குறைவு, நிழல் குறைவு. ஆனால் பட்டறையில் அது ஒரு ஆபத்தையும் கொண்டுவந்தது. நம் கரண்ட் நொடிக்கு 50 சுழற்சி. சோக் போட்ட டியூப்லைட்டின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சுற்றுகிற இரும்பின்மேல் விழும்போது விபரீதம் நடக்கும். நான்கு ஆரம் உள்ள ஒரு புல்லி நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் நொடிக்கு 25 சுற்று. நான்கு ஆரமும் சேர்த்து 100 முறை. ஒவ்வொரு முறை ஒளி உயரும்போதும் ஏதோ ஒரு ஆரம் அதே இடத்தில் நிற்கும். முழு வேகத்தில் சுற்றும் புல்லி நின்றுவிட்டதுபோலவே கண்ணுக்குத் தோன்றும். 1,440 சுற்றில் ஓடும் மோட்டார் என்றால் மெல்லப் பின்னோக்கி நகர்வதுபோல இருக்கும். நின்றுவிட்டது என்று நம்பிக் கையை நீட்டினால் விரல் போகும்.

இதற்குப் பரிகாரம் ஒயரிங்கிலேயே இருந்தது. மூன்று டியூப்லைட் போட்டால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு பேஸில் போடு என்பது என் மேஸ்திரி சொன்ன பாடம். ஒரு பேஸில் ஒளி இறங்கும் நேரத்தில் மற்ற இரண்டிலும் இறங்காது. ஆனால் அப்படிப் போடும்போது வேறு வேறு பேஸ் சுவிட்சுகளை ஒரே போர்டில் நெருக்கி வைக்கக் கூடாது. ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவில் 400 வோல்ட் இருக்கிறது. கூடவே, லேத்தின் கருவி முனைக்கு நேராக, வளைக்கிற கையோடு ஒரு குண்டு பல்பு. சூடேறிய இழை நொடியில் நூறிலொரு பங்குக்குள் ஆறிவிடாது. அதனால் அதன் ஒளி அவ்வளவாக ஏறி இறங்காது. இதைத் தெரிந்துகொண்டு செய்த மேஸ்திரிகள் பலர் பள்ளிக்கூடப் படிப்பை முடிக்காதவர்கள்.

அண்மையில் ஒரு பழைய சக தொழிலாளியின் மகன் வீட்டுக்குப் பின்னால் புதுப் பட்டறை கட்டினான். மூன்று எச்.பி. லேத் ஒன்று, ஒரு எச்.பி. டிரில்லிங் மெஷின் ஒன்று, அரை எச்.பி. பெஞ்ச் கிரைண்டர் ஒன்று. ஷீட் போட்டுச் சுவர் பூசி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டான்.

“ஏனுங்க மாமா, மொதல்ல லேத்துக்குக் கரண்ட் குடுத்துருங்க. லைட்டு, எர்த்தெல்லாம் அப்புறமாப் பாத்துக்கலாங்க. ஜாப் காத்துட்டு இருக்குதுங்க.”

“எர்த் இல்லாம நா டெஸ்ட் ரிப்போர்ட் குடுக்க மாட்டேன் கண்ணு. ஜாப் காத்திருக்கட்டும்” என்றேன்.

குழி வெட்டுவதில் தொடங்கினோம். ஷெட்டுக்கு வெளியே இரண்டு எர்த். பிறகு வெளிச்சம். ஓட்டுகிறவரின் தலை நிழல் வேலைமேல் விழாதபடி விளக்குகளின் இடத்தை முன்கூட்டியே கணக்கிட்டேன். இப்போது எல்.இ.டி. காலம். அதிலும் மலிவான டிரைவர் உள்ளவை பழைய டியூப்லைட் மாதிரியே நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். நல்ல டிரைவர் உள்ளவை நிலையாக எரியும். அதனால் நல்லதாக வாங்கச் சொன்னேன். அப்படியும் மூன்று பேஸுக்கும் பிரித்தே போட்டேன். விளக்குக்குத் தனி சர்க்கியூட். லேத் டிரிப் ஆனாலும் ஷெட் இருளக் கூடாது, சுற்றிக்கொண்டிருக்கும் சக்குக்கு முன்னால் இருட்டில் ஒருவர் நிற்கக் கூடாது. அந்தக் காலத்தில் பீங்கான் பியூஸ் வைத்த இடத்தில் எம்.சி.பி.; கைக்கருவி மாட்டும் பிளக்குகளுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்த பிரிவென்டர். கடைசியாக, பெல்ட்டை மாட்டாமல் மோட்டாரை ஒரு கணம் ஓட்டிச் சுற்றும் திசை பார்த்தோம், எதிர்த்திசையில் சுற்றியது. இரண்டு பேஸை மாற்றிப் போட்டதும் சரியானது.

இந்த ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு பட்டறையில் யாரோ பட்ட அடிக்குப் பதிலாக வந்தது. இரட்டை எர்த் அப்படித்தான், மூன்று பேஸ் விளக்கு அப்படித்தான், ஆர்.சி.சி.பி.யும் அப்படித்தான். வீட்டுப் பட்டறைக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அடிக்கடி வருவதில்லை. சேஃப்டி ஆபீசர் என்று தனியாக ஒருவர் இல்லை. பக்கத்திலேயே குழந்தை விளையாடும். சாப்பாடு கொடுக்க மனைவி வந்து நிற்பார். பைக்காராவின் கரண்ட் எளிய மனிதனுக்கு முதலாளி என்ற இடத்தைக் கொடுத்தபோதே, தன் உயிரையும் தன் வீட்டார் உயிரையும் தானே காக்கும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தது. முதல் பாதியை நாம் பெருமையோடு நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவது பாதியைச் சுமந்தவர்கள் நல்ல ஒயர்மேன்கள்.

அதனால் புதிதாகப் பட்டறை கட்டும் இளைஞர்களிடம் நான் கேட்பது இதுதான். மெஷின் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை எர்த்துக்கும் வெளிச்சத்துக்கும் முதலிலேயே எடுத்து வையுங்கள். சான்று பெற்ற ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து வாங்கி, மெயின் போர்டின் கதவுக்கு உள்ளே ஒட்டுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த லேத்தில் நிற்கப்போகிறவருக்கு அது வேண்டும்.