கிறிஸ்துமஸ் பர்பியும் சர்க்கரையின் விலையும்

சர்க்கரையையும் பாலையும் வெண்ணெயையும் பதம் வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, கடைந்து, துண்டு போடும் இனிப்பை மேலை நாட்டார் ஃபட்ஜ் என்பர். அதன் ஆவணப்பட்ட வரலாறு நீண்டதன்று. 1886இல் பால்டிமோர் நகரில் அது விற்கப்பட்டதையும், 1888இல் வாசர் மகளிர் கல்லூரியில் 30 பவுண்டு கிண்டப்பட்டதையும் அக்கல்லூரி மாணவி எமலின் ஹார்ட்ரிட்ஜின் கடிதம் ஒன்று தெரிவிக்கிறது. அதற்கும் மூத்தது, ஸ்காட்லாந்து வீடுகளில் செய்யப்படும் டேப்லெட் என்னும் இனிப்பு.

அந்த ஸ்காட்லாந்தின் மிஷனரிகளே காஞ்சிபுரத்தில் 1839இல் பள்ளி தொடங்கினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டை மையமாகக் கொண்டு பணியாற்றினார். ஆகவே, இன்று அப்பகுதியின் உத்திரமேரூர் வட்டாரக் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைக்குக் கிண்டப்படும் தேங்காய் பர்பியும் பால் பர்பியும் மிஷன் பங்களாவின் அடுப்பிலிருந்து இறங்கி வந்தவை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த முடிவுக்கு அவசியமே இல்லை. ஃபட்ஜுக்குரிய பாகு ஏறத்தாழ 115 டிகிரி செல்சியஸில் அமைகிறது. அதில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். அதிரசத்துக்கு வெல்லப் பாகு வைக்கும் பெண்கள் கிண்ணத்துத் தண்ணீரில் பார்க்கும் உருட்டுப் பதமும் அதுவே. வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஃபட்ஜை ஆறவிட்ட பின்னரே கடைவதால் சர்க்கரை நுண்ணிய படிகங்களாகி வழவழப்புத் தருகிறது. பர்பியையோ, ஓரங்களில் நுரைத்துப் பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை அடுப்பிலேயே கிளறி, நெய் தடவிய தட்டில் கொட்டி, சூடு முற்றிலும் ஆறுமுன் கோடு போடுவதால் அது சற்று மணல்மணலாக அமைகிறது. அந்த மணல்தன்மையைக் குறையெனக் கருதுவோர் அதைச் சுவைத்தறியாதவராகவே இருக்க வேண்டும்.

பாகின் நுட்பம் ஊரில் இருந்தது, இல்லாதது சர்க்கரையும் அதை வாங்கக் காசும். செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு, நிலமற்ற பறையர் குடும்பங்களின் கடனையும், பண்ணையாளாகக் கட்டுண்ட நிலையையும் விரிவாகப் பதிவு செய்தது. அதைத் தொடர்ந்து 1892இல் அரசு, பிற்காலத்தில் பஞ்சமி நிலம் எனப்பட்ட தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்க ஆணையிட்டது. இந்நில உரிமைக்காக வாதிட்டவர்களுள் ஆண்ட்ரூவும் ஒருவர். பண்ணைக் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்ட அக்காலத்தில், இத்தகைய ஏழைக் கிறிஸ்தவக் குடும்பத்தின் பண்டிகைப் பலகாரம் அரிசி மாவில் அமைந்ததில், அதாவது அதிரசமாகவும் முறுக்காகவும் இருந்ததில் வியப்பில்லை. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் ஆலை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இயங்கிக்கொண்டிருந்தபோதும், வெள்ளைச் சர்க்கரை காசு கொடுத்தே வாங்க வேண்டிய பண்டமாக இருந்தது. கூலிக்காரர் கையில் காசு அரிது.

பர்பி அந்த வீடுகளை எட்டியதற்குக் காரணம், சமையல் குறிப்பைவிட ரேஷன் கடையும் பால் கூட்டுறவுச் சங்கமுமே எனலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பற்றாக்குறையால் தொடங்கிய பங்கீட்டு முறை, சுதந்திரத்துக்குப் பின் மலிவு விலைச் சர்க்கரைக்கு வழியாயிற்று. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும், 1981இல் தமிழ்நாட்டில் அமைந்த பால் உற்பத்தியாளர் இணையமும், அதாவது ஆவின், கிராமத்துப் பாலுக்குக் காசு கிடைக்கச் செய்தன. நெஸ்லே நிறுவனம் 1961இல் பஞ்சாபின் மோகாவில் ஆலை திறந்த பின்னர் பரவிய டப்பாப் பால், கிளறும் நேரத்தைக் குறைத்தது. அதில் சர்க்கரை முன்பே கலந்திருப்பதை மறந்து வழக்கமான அளவைப் போடுவோரின் பர்பி மட்டும் திகட்டிவிடுகிறது.

அந்த மலிவு விலையும் நிலைக்கவில்லை. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் கிலோ 13 ரூபாய் 50 காசுக்கு விற்ற ரேஷன் சர்க்கரை, 2017 நவம்பரில் 25 ரூபாயாயிற்று. மிகவும் வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைகளுக்கு மட்டும் பழைய விலையே நீடித்தது.