காட்டில் உதிரும் இலையெல்லாம் எங்கே போகிறது?

புக்கிட் தீமா காட்டில் நடந்திருக்கிறீர்களா? நமக்கு இலையுதிர் காலம் என்று தனியாக இல்லை. ஆண்டு முழுக்க இலைகள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அப்படியென்றால் முட்டளவுக்குச் சருகு சேர்ந்திருக்க வேண்டுமே! ஆனால் தரையில் இருப்பதோ மெல்லிய சருகுப் படுகைதான்.

மீதியெல்லாம் மக்கிவிட்டது.

யார் செய்யும் வேலை இது?

மரவட்டை, மண்புழு, கறையான் போன்றவை சருகைத் துண்டு துண்டாக்கும். பிறகு பாக்டீரியாவும் பூஞ்சையும் வேலையைத் தொடங்கும். வெப்பமும் ஈரமும் இருப்பதால் அவற்றுக்கு ஓய்வே இல்லை.

மரக்கட்டை மக்குவது சிரமம். அதற்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைப்பவை பெரும்பாலும் பூஞ்சைகளே. விழுந்த மரத்தில் நீங்கள் பார்க்கும் காளான், உள்ளே வேலை செய்யும் பூஞ்சையின் ஒரு பகுதி மட்டும்தான்.

மக்குவதால் என்ன பயன்?

கனமழை மண்ணின் சத்தை அடித்துச் சென்றுவிடும். மக்கும் சருகிலிருந்து வெளிவரும் சத்துகளை மேல்மண்ணில் பரவியிருக்கும் வேர்கள் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். பழைய இலைதான் புது இலைக்குச் சாப்பாடு!

சரி, மக்காவிட்டால்?

சுமத்ரா, கலிமந்தான், சரவாக் ஆகிய இடங்களில் 'பீட்' எனப்படும் சதுப்புநிலக் காடுகள் உண்டு. அங்கே தண்ணீர் தேங்கி நிற்பதால் மண்ணில் ஆக்சிஜன் மிகக் குறைவு. இலையும் மரமும் அரைகுறையாகவே மக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கின்றன. சில இடங்களில் அதன் ஆழம் 10 மீட்டருக்கும் மேல். அவ்வளவு கரிமமும் அங்கே பூட்டிக் கிடக்கிறது.

தோட்டம் போடுவதற்காகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் அந்த நிலம் காய்ந்துவிடும். அதில் தீப்பிடித்தால் நிலத்தடியிலும் புகைந்துகொண்டே இருக்கும்; அணைப்பது மிகவும் கடினம்.

2015 செப்டம்பர் 25ஆம் தேதி சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்பட்டது நினைவிருக்கிறதா? அன்று நாம் சுவாசித்த புகைமூட்டத்தில், எத்தனையோ தலைமுறைகளுக்கு முன் விழுந்து மக்காமல் கிடந்த இலையும் மரமும் கலந்திருந்தன.

மறு ஆண்டே இந்தோனேசியா, பீட் நிலங்களைச் சீரமைக்கத் தனி அமைப்பைத் தொடங்கியது. கால்வாய்களை அடைத்து நிலத்தை மீண்டும் ஈரமாக்குவது அதன் முக்கியப் பணிகளில் ஒன்றாக இருந்தது.

புக்கிட் தீமாவில் இலை மக்கினால்தான் காடு வாழும். பீட் நிலத்தில் அது மக்காமல், எரியாமல் நீருக்குள் கிடந்தால்தான் நாம் நிம்மதியாக மூச்சுவிட முடியும்.