இயற்கை முறைக் கஞ்சா

இயற்கை முறைக் கஞ்சா என்பது செயற்கை உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி, மரபணு மாற்றப்பட்ட விதை ஆகியவை இல்லாமல் வளர்த்து, கதிர்வீச்சுப் பதனமும் செய்யாமல் விற்கப்படும் கஞ்சாவைக் குறிக்கும். கஞ்சா விற்பனை சட்டபூர்வமான அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவிலும் இது தனிச் சந்தையாக வளர்ந்துள்ளது. வழக்கமான முறையில் விளைவதும் இதுவும் ஒரே பயிர்தான். மண், பயிர்ப் பாதுகாப்பு, அறுவடைக்குப் பிந்தைய பதனம் ஆகியவற்றில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

சாகுபடி

வணிகக் கஞ்சாவில் கணிசமான பகுதி மூடிய அறைகளில், மின்விளக்கு ஒளியில் வளர்கிறது. செடிகள் பாறைக் கம்பளிக் கட்டிகளிலோ தென்னை நார்க்கழிவிலோ வேரூன்ற, நீரில் கரையும் உப்புரங்கள் குழாய் வழியே செல்கின்றன. எந்தச் சத்து, எந்த நாளில், எவ்வளவு என்பதைத் துல்லியமாக முடிவு செய்யலாம் என்பது இம்முறையின் பலம். தமிழ்நாட்டின் பொள்ளாச்சி வட்டாரமும் இலங்கையும் ஏற்றுமதி செய்யும் தென்னை நார்க்கழிவு இத்தகைய மண்ணில்லாச் சாகுபடியில் உலகெங்கும் பயன்படுகிறது.

இயற்கை முறையில் மட்கிய உரம், மண்புழு உரம், கடற்பாசிச் சாறு, மீன் கரைசல், வேப்பம்பிண்ணாக்கு போன்றவை இடப்படுகின்றன. நுண்ணுயிர்கள் இவற்றைச் சிதைத்த பிறகே செடிக்குத் தழைச்சத்து கிடைக்கும். கலிபோர்னியாவின் ஹம்போல்ட், மெண்டோசினோ, டிரினிட்டி மாவட்டங்களில் ஒரே மண் பாத்தியை மூடாக்கும் மூடுபயிரும் இட்டு ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் ‘உயிர்மண்’ முறை பரவலானது. சத்துக்குறை தோன்றினால் உடனே சரிசெய்ய முடியாதது இதன் பலவீனம்.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பூக்கும் பருவத்தில் திரவ இயற்கை உரத்தைக் கூட்டியபோது மகசூல் உயர்ந்தது; பூவில் போதை தரும் சேர்மமான டி.எச்.சி.யின் செறிவு குறைந்தது. உரம் இயற்கையானதாயினும் அதன் அளவு பயிரின் வேதித் தன்மையைப் பாதிக்கும் என்பதற்கு இது சான்று.

பயிர்ப் பாதுகாப்பு

சிவப்புச் சிலந்திப்பேன், அசுவினி, சாம்பல் நோய், பூ அழுகல் ஆகியவை கஞ்சாவின் முதன்மைப் பகைகள். இயற்கை முறையினர் சிலந்திப்பேனைத் தின்னும் பைட்டோசியுலஸ் என்ற இரைவிழுங்கிப் பேன், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா, பெவேரியா பூஞ்சை, வேப்பெண்ணெய், கந்தகம் ஆகியவற்றைக் கையாளுகின்றனர்.

வழக்கமான சாகுபடியில் பெரும் சர்ச்சை மைக்லோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லியால் எழுந்தது. திராட்சை முதலிய பயிர்களுக்கு அனுமதிக்கப்பட்ட இந்த மருந்து, எரியும்போது நச்சுத்தன்மை மிக்க ஹைட்ரஜன் சயனைடை வெளியிடும். கனடாவில் 2016–17 காலத்தில் மருத்துவக் கஞ்சாவில் இது கண்டறியப்பட்டு, விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றவற்றுள் இயற்கைச் சான்று பெற்றிருந்த நிறுவனத்தின் சரக்கும் அடங்கும். கொலராடோ ஆளுநர் 2015 நவம்பரில், அனுமதியற்ற பூச்சிக்கொல்லி கலந்த கஞ்சாவைப் பொதுப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என அறிவித்து ஆணையிட்டார். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணாடிக் குழாயில் புகைக்கும்போது பூவிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சத்தில் சுமார் 60 முதல் 70 விழுக்காடு வரை புகையில் கலப்பதைக் காட்டியது.

இயற்கை மூலம் கொண்ட மருந்துகளுக்கும் வரம்பு உண்டு. கலிபோர்னியாவில் கஞ்சா 66 பூச்சிக்கொல்லிகளுக்குச் சோதிக்கப்படுகிறது. இயற்கை வேளாண்மையில் அனுமதி பெற்ற பைரித்திரினும் ஸ்பினோசாடும் அந்தப் பட்டியலில் உள்ளன.

தரம், தூய்மை

டி.எச்.சி. அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது செடியின் இரகமே. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், திறந்தவெளி உயிர்மண்ணிலும் செயற்கை ஒளி அறையிலும் வளர்ந்த இரண்டு இரகங்களை ஒப்பிட்டனர். திறந்தவெளிச் செடிகளில் மணம் தரும் டெர்ப்பீன்களின் வகையும் அளவும் கூடுதலாக இருந்தன. டி.எச்.சி. உள்ளிட்ட கன்னாபினாய்டு வகைச் சேர்மங்களில் சிதைவுற்றவை குறைவாக இருந்தன. மண், ஒளி, வெப்பநிலை மூன்றும் ஒருசேர மாறியதால், இந்த வேறுபாட்டை உரத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்ள முடியாது.

கஞ்சாச் செடி மண்ணிலுள்ள காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சித் தேக்கும் இயல்புடையது. செர்னோபில் அருகே மாசுற்ற மண்ணைத் தூய்மைப்படுத்தும் சோதனைக்கும் இது பயிரிடப்பட்டது. எனவே இயற்கை முறையில் விளைந்தாலும், மண்ணோ பாறைப் பாஸ்பேட் போன்ற இடுபொருளோ மாசுற்றிருந்தால் பூவிலும் உலோகம் சேரும். பூஞ்சை வித்துகளைக் குறைக்கக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் மருத்துவக் கஞ்சாவைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதுண்டு. இயற்கை விதிகள் அதைத் தடுப்பதால், இயற்கை முறை விவசாயிகள் உலர்த்துவதிலும் பதப்படுத்துவதிலும் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியுள்ளது.

சுற்றுச்சூழல்

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட கணிப்பின்படி, அமெரிக்காவில் அறைக்குள் ஒரு கிலோ உலர்பூ விளைவிக்க, இடத்தைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு ஏற்படுகிறது. குளிரூட்டல், காற்றோட்டம், விளக்குகள் ஆகியவற்றின் மின்செலவே இதற்குப் பெருங்காரணம். இயற்கை முறையிலும் அறைக்குள் வளர்த்தால் இச்செலவு தொடரும். சூரிய ஒளியில் வளர்த்தால் பெருமளவு குறையும். கலிபோர்னியக் காடுகளின் சட்டவிரோதத் தோட்டங்களில் இட்ட எலி மருந்து, ஃபிஷர் என்னும் அரிய ஊனுண்ணி விலங்கின் உடலில் கண்டறியப்பட்டுள்ளது.

சான்றளிப்பு

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்பதால், அந்நாட்டு வேளாண் துறையின் இயற்கை முத்திரை அதற்குக் கிடைக்காது. 2018 வேளாண் சட்டம் 0.3 விழுக்காட்டுக்கு மேல் டி.எச்.சி. இல்லாத ஹெம்ப் வகையைத் தடையிலிருந்து நீக்கியதால், அதற்கு மட்டும் முத்திரை பெற வழி பிறந்தது. இந்த இடைவெளியை நிரப்பக் கலிபோர்னியா ‘ஓகால்’ என்ற மாநிலச் சான்றை ஏற்படுத்தியது. கிளீன் கிரீன் (2004), சன் அண்ட் எர்த் (2019) போன்ற தனியார் சான்றுகளும் உள்ளன. 2018 அக்டோபர் 17 முதல் மருத்துவமல்லாத பயன்பாட்டுக்கும் கஞ்சாவை அனுமதித்த கனடாவிலும் தனியார் அமைப்புகளே சான்றளிக்கின்றன.

நலமும் சட்டமும்

இயற்கை முறை பூச்சிக்கொல்லி எச்சத்தைக் குறைக்கலாம்; ஆனால் டி.எச்.சி.யின் போதை, சார்புநிலை, மனநல விளைவுகள் ஆகியவற்றை மாற்றுவதில்லை. எந்தப் பூவை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வெளிப்படும்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, உரிமமின்றிக் கஞ்சா பயிரிடுவதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். எம்முறையில் விளைந்தது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது.