பழகிய கைகளைத் தேடிய அரசாங்கம்

கேரி தீவில் நம் தோட்டத்து வீடுகளுக்குச் சேமநிதிக் கணக்கறிக்கை வந்தால், முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்போம். எத்தனை வெள்ளி சேர்ந்திருக்கிறது? நம் நாட்டில் ஊழியர் சேமநிதி 1951-ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்று கையால் எழுதிய கணக்குகளை இன்று கணினி கவனிக்கிறது. ஆனால் கணினி தானாக எதையும் அறியாது. இன்னதைக் கூட்டு, இன்னதைக் கழி என்று ஒருவர் வரிசையாகக் கட்டளை எழுதித் தரவேண்டும். அதற்கு நிரல் என்று பெயர்.

1959-ஆம் ஆண்டில், அலுவலகக் கணக்குகளுக்கென்றே ஒரு நிரல் மொழியை அமைக்க அமெரிக்காவில் அறிஞர்கள் கூடினார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் முன்பே உருவாக்கியிருந்த மொழி அதற்கு வழிகாட்டியது. புதிய மொழியின் பெயர் கோபால்! நம் வீட்டுப் பிள்ளையின் பெயர்போல ஒலிக்கிறதல்லவா? வரி, ஓய்வூதியம், உதவித்தொகை என்று பல அரசாங்கக் கணக்குகள் அம்மொழியில் பெருங்கணினிகளில் ஏறின.

ஆண்டுகள் ஓடின. எழுதியவர்கள் ஓய்வு பெற்றார்கள். இளைஞர்கள் புதிய மொழிகளைக் கற்றார்கள். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையிழந்த லட்சக்கணக்கானோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள். அங்கே இருந்ததோ நாற்பது ஆண்டுப் பழைய கணினி முறை. ஏப்ரல் மாதத்தில் ஆளுநர் பில் மர்பி, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். உதவித்தொகை தாமதித்தால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது அல்லவா?

இதற்கு மாறான ஒரு காட்சியையும் காண்போம். 1978-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பை சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் ஏற்றது. ஐ.பி.எம்.மில் பழகியவர்கள் பலரையும் அது சேர்த்துக்கொண்டது. பழகிய கைகள் இருந்ததால் வேலை தொடர்ந்தது.

ஆகவே, பழைய இயந்திரம் என்பது மட்டும் குற்றமன்று. பழகியவரை இழப்பதே பெருங்குறை. அனுபவமுள்ள நிரலாளரை அரசாங்கம் வேலைக்கு எடுக்கும்போது, அருகில் ஓர் இளைஞரையும் அமர்த்தவேண்டும். ஒவ்வொரு விதியும் ஏன் எழுதப்பட்டது என்பதைக் குறித்து வைக்கவேண்டும்.

செம்பனைக் குலை பழுத்துவிட்டதை உதிர்ந்த பழத்தைக் கண்டே சொல்லும் பெரியவர், பக்கத்தில் நிற்கும் பையனுக்கும் அதைக் காட்டித்தருகிறார். அந்த வழக்கம் நம் தோட்டத்துக்கும் வேண்டும். அரசாங்க அலுவலகத்துக்கும் வேண்டும்.