மாடசாமி எப்படி மாடன் ஆனார்?

கங்கைகொண்டான் என்ற ஊர்ப்பெயரே ஓர் அரசனின் பட்டப்பெயர்தான். முதலாம் இராசேந்திர சோழனின் அந்தப் பட்டம் ஆயிரம் ஆண்டு கழித்தும் ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது. ஆனால் அதே வட்டாரத்தில் நம் தாத்தா ஒருவரின் பெயர் முழுதாக நிற்கவில்லை. வீட்டில் அவர் மாடசாமி, பழைய ஆவணத்தில் மாடன். வாரிசுச் சான்றிதழுக்காக அவருடைய பேரப்பிள்ளைகளோடு நாங்கள் அலைந்தோம். 'சாமி' என்ற இரண்டெழுத்து போனதன் விலை அப்போது புரிந்தது.

பிள்ளை தங்க வேண்டும் என்று வேண்டி பிச்சை, குப்பை என்று பெயர் வைப்பது பல சாதிகளிலும் உண்டு. அதையும் இதையும் குழப்பக் கூடாது. பெற்றோர் வைத்தது வேறு, ஊரார் வெட்டியது வேறு. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பெயரையே வருணப்படி பிரித்தது: பிராமணனுக்கு மங்கலம், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம், சூத்திரனுக்கு இழிவு. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1899இல் சட்டம் வந்தது. கிராமங்களில் பேனா யார் கையில் இருந்தது? பரம்பரையாக வந்த முன்சீப், கர்ணம் கையில். அந்தப் பரம்பரைப் பதவிகள் 1980 நவம்பரில்தான் ஒழிந்தன. வயலில் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே ஏட்டிலும் எழுத முடிந்த காலம் அது.

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. காத்தவராயனாகப் பிறந்தவர் தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். இழிசொற்களுக்குப் பதில் 'ஆதிதிராவிடர்' என்று அரசே எழுத வேண்டும் என எம்.சி.ராஜா 1922இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து வென்றார். 1981இல், அன்றைய நெல்லை மாவட்டத்தின் மீனாட்சிபுரத்தில், நூற்றுக்கணக்கானோர் மதத்தோடு பெயரையும் மாற்றிக்கொண்டார்கள்.

இன்றைய நிலை என்ன? 1969ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெயரில்லாமல் பதிவான குழந்தைக்குப் பின்னர் பெயர் சேர்க்க வழி தருகிறது. 12 மாதத்துக்குள் கட்டணமில்லை. அதன்பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். பதிந்த பெயரை மாற்றுவதுதான் கடினம். 15ஆம் பிரிவு பிழையைத் திருத்த மட்டுமே இடம் தருகிறது. அப்போதும் பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், திருத்தத்தை ஓரத்தில் எழுதிக் கையெழுத்தும் தேதியும் இடுவார்கள். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவது தனி வழி. அதனால் பிறப்புப் பதிவேடு தானாக மாறிவிடாது.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். ஆகவே தோழர்களே, உங்கள் தெருவில் குழந்தை பிறந்தால் முதல் ஆண்டுக்குள் பெற்றோரோடு போங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாளில் எழுதிக் கொடுங்கள். சான்றிதழை வாங்கியதும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். தாத்தா காலத்தில் அப்படிப் படித்துப் பார்க்க நம் ஆள் ஒருவரும் அங்கே இல்லை.